அப்பாவின் கம்ப்யூட்டரில் மாமாவின் இடம்

கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நிம்மதி கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைப் பிரித்து, அது ஏன் ஓடுகிறது என்று ஆராய்ந்து, ஓடாமல் செய்துவிட்டுத்தான் அந்தப் பிள்ளை அடங்கும். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்.

அப்போது கோலாலம்பூருக்குப் பக்கத்தில், புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். லினக்ஸ் என்று ஓர் இயங்குதளம் இருப்பது அந்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது. (நானே கண்டுபிடித்தது போலத்தான் பேசிக்கொண்டு திரிந்தேன்.) காசு கிடையாது, வைரஸ் கிடையாது, எவ்வளவு பழைய பெட்டியானாலும் வேகமாக ஓடும். விடுதித் தோழிகளின் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். அவர்களில் இரண்டு பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அப்படியும் அடங்காமல், விடுமுறைக்குக் கோல சிலாங்கூரில் எங்கள் வீட்டுக்கு வந்த கையோடு அப்பாவின் கம்ப்யூட்டர் மீது கண் வைத்தேன்.

அப்பா பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குக் கம்ப்யூட்டரில் இரண்டே வேலைதான். ஒன்று, பழைய பாட்டு கேட்பது. இன்னொன்று, சொந்தபந்தங்களின் விலாசங்களை வைத்துக்கொள்வது. ஒரு வீட்டுக்கு ஒரு ஃபைல். திறந்தால் பெயர், விலாசம், பிள்ளைகள் எத்தனை, யார் எங்கே வேலை என்று எல்லாம் இருக்கும். ஃபைலுக்குப் பெயரை ஆங்கில எழுத்தில், இரண்டு விரலால் தட்டி வைத்திருப்பார். முப்பத்தெட்டு வீடுகளும் திரை முழுக்கச் சிதறிக் கிடக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும்.

அக்கா கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தத்துக்கு நான்கு வாரம்தான் இருந்தது. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வந்தது. பல மாதம் காத்திருந்து கிடைத்த தேதி, விட முடியாது. இருக்கிற இரண்டு கவலையோடு என் லினக்ஸும் சேர்ந்துகொண்டது.

"அப்பா, இந்த விண்டோஸைத் தூக்கிட்டு வேற போட்டுத் தரேன். சும்மா பறக்கும்."

"ஏதாச்சும் காணாம போயிருமா?"

"ஒரு தூசிகூட போகாதுப்பா."

"எல்லாம் வச்ச எடத்துலயே இருக்குமா?"

"இருக்கும்லா!"

அந்தக் கடைசிக் கேள்வியை அவர் எவ்வளவு அக்கறையாகக் கேட்டார் என்று பிறகுதான் உறைத்தது. அப்போது எனக்கு அது கிழவர் கேட்கும் கேள்வியாகத்தான் பட்டது.

அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே வேலையை முடித்தேன். எல்லா ஃபைல்களையும் பென்டிரைவில் எடுத்து, விண்டோஸை அழித்து, லினக்ஸைப் போட்டு, திரும்ப அப்படியே இறக்கினேன். முப்பத்தெட்டும் இருந்தன. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். அதற்கும் மேலாக, சிதறிக் கிடந்ததெல்லாம் தானாகவே ஏ, பி, சி வரிசையில் அழகாக நின்றுவிட்டது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அப்பா ஒரு கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். இன்னொரு கண்ணிலும் பாதிப் புரை. பத்து நாளைக்குக் கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மா மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். பத்திரிகை வைக்க யார் போவது? கல்யாணப் பெண் போக முடியாது. மிச்சம் நான்.

"கோயில்ல சாமிகிட்ட வச்சாச்சு. இனி வீடுங்கதான். கம்ப்யூட்டர்ல வரிசையா இருக்கு தேவி, அப்படியே போ," என்றார் அப்பா.

"அந்த வரிசையிலயேவாப்பா?"

"வரிசை பிசகவே கூடாது. ஒரு வீடு முன்ன பின்ன ஆச்சுன்னா குடும்பத்துல பேச்சாயிரும்."

"அப்பா சொல்றபடி செய்டி. உன் புத்திசாலித்தனத்தக் காட்டாத," என்றார் அம்மா.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதல் பெயர் அமிர்தம் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, ஈஜோக்கில் இருக்கிறார். அப்பாவும் அவரும் பேசி ஆறு வருடம். அத்தை மகன் கல்யாணத்தில், வழியை மறித்து நின்ற லோரியை நகர்த்த அப்பா வெளியே போன நேரத்தில் குடும்பப் படம் எடுத்துவிட்டார்கள். (லோரியை அங்கே நிறுத்தியதும் அப்பாதான். அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.) அன்று கைகூட நனைக்காமல் வீட்டுக்கு வந்தவர்தான்.

அப்பேர்ப்பட்ட தங்கைக்கு முதல் பத்திரிகையா! தாய்மாமனுக்குத்தானே முதலில் வைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அப்பாதான் இரண்டு தடவை அழுத்திச் சொல்லிவிட்டாரே. கண் ஆபரேஷன் மனிதரின் மனத்தையும் திறந்துவிட்டது, பழைய கோபத்தை மறந்து தங்கையைத் தலையில் வைக்கிறார் என்று நானாகவே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அவர் பெருந்தன்மையை நினைத்து வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே கார் ஓட்டினேன்.

அத்தை கதவைத் திறந்து என்னையும் தட்டையும் பார்த்தார். தட்டில் குங்குமம், வெற்றிலைபாக்கு, பத்திரிகை.

"யாருடி அனுப்புனா?"

"அப்பாதான் அத்தை. முதல் வீடு நீங்கதான்."

"முதல் வீடா? எங்கண்ணனா சொன்னாரு?" என்றவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் தாங்கவில்லை, நானும் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்துவிட்டார். அப்புறம் எனக்கு ஒரு தட்டு மீ கோரிங் நூடுல்ஸ் கிடைத்தது, கையில் ஒரு தூக்கு நெத்திலி சம்பலும் கிடைத்தது. நான் சாப்பிடும்போதே அத்தை பத்திரிகையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டார். அதன் கீழே, 'அண்ணன் வீட்டு முதல் பத்திரிகை எனக்குத்தான்'.

மூன்றாவது வீட்டில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து அழைப்பு. "எங்க இருக்க? உடனே வீட்டுக்கு வா." அம்மா 'டி' போடாமல் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

வீட்டுக்குள் நுழையும்போதே ஃபோனில் வேலாயுதம் மாமாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அம்மாவின் அண்ணன், அம்பாங் பெச்சாவில் இருக்கிறார். அக்காவைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டியவர்.

"தங்கச்சிய உங்களுக்குக் கட்டிக் கொடுத்தவன் நான், மாப்ள. உங்களுக்கு உங்க தங்கச்சிதான் பெருசுன்னா அவங்க வீட்டு ஆளயே மணவறைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க!"

சமாதானம் செய்கிறேன் என்று நான் ஃபோனைப் பிடுங்கினேன். "மாமா, கோவிச்சுக்காதீங்க. உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு மாமா."

"எத்தனாவதா இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் உண்மைதான் வாயில் வந்தது. "முப்பத்தெட்டாவது மாமா."

மாமா ஃபோனைத் துண்டித்துவிட்டார். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "மாமா வரலன்னா நான் மேடை ஏறமாட்டேன்," என்று உள்ளிருந்து அழுகைக்கு நடுவே கேட்டது. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியவர் மாமா. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்பா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். "அமிர்தம் எப்படி மொத வீடாச்சு? அது குப்பைத் தொட்டி பக்கத்துலல்ல இருக்கும்?"

"குப்பைத் தொட்டியா?" என்றேன். பிறகுதான் அப்பா விளக்கினார். சிதறிக் கிடந்ததாக நான் நினைத்தேனே, அது சிதறலே இல்லை. இடது மேல் மூலையில் தாய்மாமன். அதற்குக் கீழே மூத்தவர்கள், வயதுப்படி. அடுத்த பத்தியில் பழைய தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள், அந்த வீட்டு வரிசையிலேயே. கோபத்தில் இருப்பவர்கள் வலது கீழ் மூலையில், அழித்த ஃபைல்கள் போகும் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில். தொட்டிக்குள் போட அவருக்கு மனசு வராது, பக்கத்தில் வைப்பார். ஒரு ஃபைலைக்கூடத் தொலைக்காமல் நான் பத்திரமாகக் காப்பாற்றியிருந்தேன். அவர் சேர்த்து வைத்திருந்த முக்கியமான விஷயம் ஃபைலுக்குள் இல்லை, அது இருந்த இடத்தில் இருந்தது.

எந்த இயங்குதளம் நல்லது என்று விடுதியில் மணிக்கணக்காகச் சண்டை போட்டவள் நான். அதில் அப்பா என்ன செய்கிறார் என்று ஒரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அம்மா மறுபடி மாமாவை அழைத்து நடந்ததைச் சொன்னார். "கம்ப்யூட்டரு என்னக் கடைசியில போட்டுச்சா? கொண்டுவா அத. நானே கேக்குறேன்," என்றார் மாமா.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் மறுநாள் காலை அப்பா எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். மூவரும் அம்பாங் பெச்சாவுக்குக் கிளம்பினோம். முன் சீட்டில் கண்கட்டோடு அப்பா. பின் சீட்டில் அம்மா, மடியில் மானிட்டர். அம்மாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பெட்டி, அதற்கும் சீட் பெல்ட் போட்டிருந்தோம். வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார், ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் புதிதாக ஆரம்பித்தார்.

மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "நான் சொன்னேன்னு நெசமாவே தூக்கிட்டு வந்துட்டீங்களா, மாப்ள?" வாங்க என்று சொல்லவில்லை, ஆனால் வழியை விட்டார். சாப்பாட்டு மேசை மேல் எல்லாவற்றையும் மாட்டித் திறந்தேன். முப்பத்தெட்டுப் பெயரும் ஒழுங்காக நின்றன, மாமா கடைசியில்.

"மாமா, இது ஏ, பி, சி வரிசை. அப்பா போட்டது இல்ல, நான் கெடுத்தது. அப்பா மேல கோவப்படாதீங்க, என்ன அடிங்க," என்றேன்.

அப்பா மவுஸை வாங்கிக்கொண்டார். "டாக்டர் என்ன சொன்னாரு!" என்று அம்மா கத்தியதையும் கேட்கவில்லை. திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, நல்லதாக இருந்த பாதிக் கண்ணால் தேடி, கடைசியில் இருந்த வேலாயுதத்தைப் பிடித்தார். மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். பாதி வழியில் கை நழுவியது. மறுபடி பிடித்தார். இடது மேல் மூலையில் கொண்டுபோய் விட்டார்.

"இதான் மச்சான் உங்க எடம். நான் கம்ப்யூட்டர் வாங்குன நாள்லேர்ந்து நீங்க இங்கதான் இருந்தீங்க."

பிறகு மூத்தவர்கள். பிறகு லயத்து வீடுகள். ஒரு பெயருக்கும் அவர் யோசிக்கவில்லை. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "அவரு இன்னும் ஒரு எடம் மேல வரணும் மாப்ள, உங்களவிட ரெண்டு வயசு மூப்பு," என்று திருத்தவும் ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் மாமியிடம் கோப்பி கேட்டார் மாமா, எங்களுக்கும் சேர்த்து. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் அமிர்தம் மட்டும் மிச்சம். அப்பா அதைப் பிடித்து வலது கீழ் மூலைப் பக்கம் கொண்டுபோனார். அங்கே நிறுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"எங்க கொண்டு போறீங்க?" என்றார் மாமா. "அந்தப் பொண்ணு வாசப்படியில உக்காந்து அழுதுச்சாம்ல. எனக்குக் கீழ வைங்க, மாப்ள."

அப்பா மாமாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மாமாவுக்குக் கீழே வைத்தார். அம்மா தட்டை எடுத்து வந்து மாமா கையில் பத்திரிகையைக் கொடுத்தார்.

கல்யாணத்தன்று மாமாதான் அக்காவை மணவறைக்குக் கூட்டி வந்தார். அத்தை முதல் நாளே பெட்டியோடு வந்து சமையலைப் பிடித்துக்கொண்டார். அந்த லினக்ஸை அப்பா மாற்றச் சொல்லவே இல்லை. சும்மா பறக்குதாம்.

இப்போது கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் முந்நூறு பேரின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்வதுதான் என் வேலை. அங்கே என்னை நம்பி எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கொடுப்பதில்லை. போன மாதம் ஒரு விசேஷத்தில் மாமாவின் ஃபோன் அப்டேட் கேட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. நல்ல எண்ணத்தில்தான் கையை நீட்டினேன். மாமா அதைச் சட்டைப் பைக்குள் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார்.

"வேணாம்லா தேவி. எங்க வீட்டுல இன்னும் ரெண்டு கல்யாணம் பாக்கி இருக்கு."