அத்தனை பெரிய விண்மீனின் லேசான ஆட்டம்

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரர் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். என் நலம் பற்றி மட்டும் வீட்டில் இருவேறு கருத்து நிலவுகிறது. அங்கு உங்கள் நலமும் உங்கள் மனைவியாகிய தங்கையின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

வான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மகள், தூரத்து ராட்சத விண்மீன் ஒன்றைச் சுற்றி ஏதோ ஓடுவதாகக் கண்டுபிடித்திருக்கிறாள். கோள் என்று சொல்ல எடை அதிகம், விண்மீனாகப் பற்றி எரிய எடை போதாது. சாப்பிடும்போது இதை விளக்கினாள். உங்கள் அக்கா தட்டிலிருந்து தலை தூக்காமல், "அப்பாவைச் சொல்றியா?" என்றாள். அந்தச் சுற்றி ஓடுவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லையாம். "அந்தப் பெரிய விண்மீன் லேசா ஆடுதுப்பா. அதை வச்சுத்தான் பக்கத்துல ஒண்ணு இருக்குன்னு சொல்றோம்" என்றாள் மகள். ஆனால் அவளுடைய மேலதிகாரி ஒப்பவில்லை. ராட்சத விண்மீன்கள் தாமாகவே வீங்கிச் சுருங்கும், அந்த ஆட்டத்துக்குத் துணை எதற்கு, அப்படி ஒன்று இல்லாமலேகூட இருக்கலாம் என்கிறாராம். முகம் தெரியாத மனிதர், ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் உங்கள் அக்கா, "நீங்க வீட்ல இருக்கீங்களா இல்லையான்னே சில நேரம் தெரியறதில்ல" என்று, கோபமெல்லாம் இல்லாமல், தகவலாகச் சொல்லியிருந்தாள்.

சரி, நான் இருப்பதால் அவளிடம் ஏதாவது ஆட்டம் தெரிகிறதா, பார்த்துவிடுவோம் என்று அவளுடைய தையல் கடைக்குப் போய், பின்னறையில் துணிக் கட்டுகளுக்கு நடுவே பேசாமல் உட்கார்ந்தேன். தேடுவாள் என்று நினைத்தேன். அவள் பாட்டுக்கு மெஷினெல்லாம் மூடிவிட்டு, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் சோதனை கெட்டுவிடுமே என்று முன்பக்கக் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில், அளவு பார்க்கிற பொம்மையோடு பொம்மையாக நின்றேன். எதிர்க்கடை மருந்துக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, பொம்மையைத்தான் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஒருவழியாக உங்கள் அக்கா திரும்பி வந்தாள். அப்பாடா, ஆடிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டாளாம். "இங்கயா இருக்கீங்க? நல்லதாப் போச்சு, அந்தக் கத்தரிக்கோல எடுங்க" என்றாள்.

மகளிடம் யோசனை கேட்டேன். "கொஞ்ச நாள் விலகி இருந்து பாருங்கப்பா. ஆட்டம் நின்னா காரணம் நீங்க. நிக்கலேன்னா அம்மா சுபாவமே அதுதான். ஆனா என் விண்மீன்கிட்ட இந்த வசதி கிடையாது" என்றாள். ஆகவே ஒரு மாதம் உங்கள் வீட்டில் தங்க வருகிறேன். மாடி அறை போதும். நீங்கள் தினமும் மாலை உங்கள் அக்காவுக்குப் போன் போட்டு, என் பேச்சை எடுக்காமல், குரலில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று மட்டும் கவனித்துச் சொல்ல வேண்டும். ஒரு மாற்றமும் இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். தங்கைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். இந்த விஷயம் உங்கள் அக்கா காதுக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று விரும்பும்
அக்கா வீட்டுக்காரர்

பி.கு.: மேலே எழுதியதை ரத்து செய்யவும். உறை ஒட்டப் பசை கேட்டேன், உங்கள் அக்கா பசையோடு வந்து கடிதத்தையும் படித்துவிட்டாள். மாலையில் பார்த்தால், காய்ச்சலில்கூட மூடாத கடையின் கதவில் 'ஒரு மாதம் விடுமுறை' என்று அட்டை தொங்குகிறது. "நானும் வரேன். நீங்க இல்லாம ஆடறேனா இல்லையான்னு நின்னு பார்க்க எனக்கு நேரமில்ல. பஸ்ல ஜன்னல் சீட் எனக்கு" என்றாள். மாடி அறையில் இரண்டு பேருக்குப் படுக்கை போடவும். மகளிடம் சொன்னேன். "இதுதாம்பா ஆட்டம்" என்றாள். ஆனால் இதையெல்லாம் மேலதிகாரியிடம் ஆதாரமாகக் காட்ட முடியாதாம்.