கியர்ப் பெட்டிக்கு உளுந்து மாவு

மாமனார் வீட்டில் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்திருக்கிற மருமகனுக்கு மரியாதை கூடிக்கொண்டே போகும். நான் கல்யாணமான புதிதில் வாயைத் திறந்தேன். அதுவும் ஒரு மோட்டார் காரைப் பற்றி.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். மாமனார் தச்சநல்லூரில் நெல் வியாபாரி. பாபநாசத்துக்கு மேலே மலைத்தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், யுத்தம் வந்ததும் சீமைக்குக் கப்பலேறினார். போகிற அவசரத்தில் தன்னுடைய சின்னக் காரை மாமனார் தலையில் கட்டிவிட்டுப் போனார். முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்தால் அதில் நாலு பேர் உட்காரலாம். குடும்பத்தில் அதை ஓட்டக் கற்றவன் நான் ஒருவன்தான். (கற்றதாக நான் சொல்லிக்கொண்டேன். கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரர் அப்படிச் சொன்னதில்லை.)

காருக்கு ஒரே ஒரு வியாதி. அதன் வயிற்றில் கியர்ப் பெட்டி என்று ஒரு இரும்புப் பெட்டி உண்டு. உள்ளே பல் சக்கரங்கள் எண்ணெயில் குளித்தபடி சுற்ற வேண்டும். எங்கள் பெட்டியிலிருந்து அந்த எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருந்தது. நின்ற இடத்திலெல்லாம் தரையில் ஒரு கறுப்பு வட்டம். வாசலில் கோலம் போடுகிற என் மாமியாருக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது.

இந்த நிலையில் மைத்துனி காந்திமதியைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து ஆள் வருவதாக ஏற்பாடாயிற்று. மாப்பிள்ளைக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. அவருடைய அப்பா சங்கரலிங்கம் பிள்ளை சகுனம் பார்க்காமல் செருப்பைக்கூட மாட்டமாட்டார் என்று கேள்வி. இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது.

"ஸ்டேஷன்ல போயி கார்ல கூட்டியாந்தா நமக்குக் கௌரவம்தான். ஆனா வாசல்ல வந்து இது ஒழுகிட்டு நின்னா என்ன செய்ய?" என்றார் மாமனார்.

"அது ஒண்ணுமில்ல மாமா. நானே அடைச்சிருதேன்" என்றேன். கேட்காமலே சொன்னேன்.

"ஒங்களுக்கு அந்த வேலையெல்லாம் தெரியுமா மாப்ளே?"

"சயன்ஸ்தானே மாமா."

பெண் பார்க்கும் நாள் காலையில் காருக்கு அடியில் படுத்தேன். பெட்டியின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் இடத்தில் வைத்திருந்த அட்டை நைந்து கிடந்தது. ஒழுக்கு அங்கேதான். வியாதியைக் கண்டுபிடித்த பெருமையில் எல்லாத் திருகாணிகளையும் ஒரே மூச்சில் கழற்றினேன். கீழ்பாதி அப்படியே இறங்கி, மிச்சமிருந்த எண்ணெயை என் முகத்தில் கொட்டியது. கூடவே கவட்டை போல ஒரு இரும்புத் துண்டும் நெற்றியில் விழுந்தது. அது எங்கே இருந்தது என்று நான் பார்த்திருக்கவில்லை. பார்க்கிற நிலையில் கண்ணும் இல்லை.

புது அட்டைக்கு மதராஸுக்குத்தான் எழுதிப் போட வேண்டும். அப்போதுதான் என் சயன்ஸ் மூளை வேலை செய்தது. கொத்தனார்கள் சுண்ணாம்பில் உளுந்து அரைத்துச் சேர்த்தால் மச்சுத் தளத்தில் மழைத் தண்ணீர் இறங்காது. தண்ணீர் இறங்காத இடத்தில் எண்ணெய் எப்படி இறங்கும்? அடுக்களையில் வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பின்வாசல் வழியாகப் போய் என் மனைவி கோமதியைக் கூப்பிட்டேன்.

"கொஞ்சம் மாவு எடுத்துட்டு வா. வெளக்கெண்ணெயும் வேணும்."

அவள் என் கறுத்த முகத்தைப் பார்த்தாள். "பசிக்குதுன்னா சொல்லுங்க. இட்லி இருக்கு" என்றாள்.

மாவைச் சுண்ணாம்போடு பிசைந்து விளிம்பு முழுக்க அப்பினேன். கவட்டையை அது உட்காரச் சம்மதித்த ஒரு இடத்தில் உட்காரவைத்தேன். பெட்டியை மூடி, விளக்கெண்ணெயை ஊற்றினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாமனார் குனிந்து பார்த்துவிட்டு, "படிச்ச மாப்ளன்னா சும்மாவா?" என்றார். அந்த வார்த்தையை நான் அனுபவித்தது ரயில் வருகிற வரைக்கும்தான்.

ஸ்டேஷனுக்கு முன்பக்கமாக, ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தேன். அங்கே நிழலில் நிறுத்துவதற்காகக் கொஞ்சம் பின்னால் எடுத்தேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பெரிதாக நினைக்கவில்லை.

ரயில் வந்தது. சங்கரலிங்கம் பிள்ளை சரிகை அங்கவஸ்திரத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை பின்னால். வேடிக்கை பார்க்க ஸ்டேஷனே கூடிவிட்டது. கியர்க் கம்பியை முன்னால் தள்ளினேன். கார் பின்னால் போனது. வேறு பக்கம் தள்ளினேன். அப்போதும் பின்னால்தான் போனது. இடம் மாறி உட்கார்ந்த கவட்டை, பின்கியரிலேயே மாட்டிக்கொண்டு, என் மேல் இருந்த கோபத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தது.

"என்னவே இது?" என்றார் பிள்ளை.

"முன்னால போக மாட்டேங்குது. எறங்குதீங்களா, ஒரு குதிரை வண்டி பாக்கேன்."

அவர் கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார். "இத்தன பேரு முன்னால ஏறுன பொறவு எறங்கவா? எப்படிப் போகுதோ அப்படியே போவும்."

போனோம். நான் கழுத்தைத் திருகிப் பின்னால் பார்த்து ஓட்டினேன். அவர் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எங்கள் வேகமும் எங்களைத் தொடர்ந்து வைக்கோல் ஏற்றி வந்த ஒரு மாட்டு வண்டியின் வேகமும் ஒன்றாக இருந்ததால், தச்சநல்லூர் வரைக்கும் ஒரு வெள்ளைக் காளையும் சங்கரலிங்கம் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே வந்தார்கள்.

"அண்ணாச்சி, வண்டியத் திருப்பிக்கிட்டு ஓட்டக் கூடாதா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"முடிஞ்சா ஓட்டமாட்டனா?" என்றேன்.

பாதி வழியில் ஒரு வாசனை வந்தது. பிள்ளை மூக்கை உறிஞ்சினார். "எங்கனயோ வடை சுடுதாவ" என்றார். கொஞ்ச தூரம் போய், "சுடுத எண்ணெய்தான் சரியில்ல" என்றார்.

சூட்டில் உளுந்து மாவு இளகி, விளக்கெண்ணெயோடு சேர்ந்து, அடியில் போகிற புகைக்குழாய் மேல் விழுந்து பொரிந்துகொண்டிருந்தது. விழுந்த துணுக்குகளைத் தின்றுகொண்டு தெரு நாய்கள் பின்னால் வந்தன. (போகிற திசைக்குப் பின்னால், பிள்ளையின் கண்ணுக்கு முன்னால்.) தின்றது விளக்கெண்ணெய் என்பது கொஞ்ச நேரத்தில் நாய்களுக்கே தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றாக வேலியோரம் ஒதுங்கின.

வீட்டு வாசலில் பெரிய கோலம். அதன் நட்டநடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு கார் போய் நின்றது. நின்றதும் கீழ்பாதி கழன்று விழுந்தது. கறுப்பும் மஞ்சளுமாக எல்லாம் கோலத்தில் பரவியது. ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியார், காரின் பின்பக்கத்துக்குச் சுற்றுவதா, முன்பக்கத்துக்குச் சுற்றுவதா என்று தெரியாமல் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

சங்கரலிங்கம் பிள்ளை இறங்கினார். முகம் சிவந்திருந்தது. "பொண்ணு பாக்க வந்தவன் முதுகக் காட்டிட்டு வந்தா என்ன அர்த்தம்? வண்டி மூஞ்சி எங்க ஊரப் பாத்துல்லா நிக்கி. இது சரிப்படாது. வாலே, போவோம்."

காரோடு சேர்ந்து தாமிரபரணியில் விழுந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. (அதற்கும் பின்பக்கமாகத்தான் போயிருக்க வேண்டும்.)

அந்த நேரத்தில் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் தாங்காமல் வெடித்த சிரிப்பு. காந்திமதிதான். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் உதடு துடித்தது. பிறகு மிகவும் மரியாதையாக, "அப்பா, நீங்க சொல்லுதது சரி. வண்டி மூஞ்சி நம்ம ஊரத்தான் பாக்கி. ஆனா எத்தன தடவ தள்ளியும் அது அங்கன போக மாட்டேன்னுட்டு. இந்த வீட்டுக்குத்தான் வருவேன்னு வந்து நிக்கி. இதுக்கு மேல ஒரு சகுனம் வேணுமா?" என்றார்.

பிள்ளை யோசித்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அப்படியும் ஒண்ணு இருக்குல்லா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் என் இலையில் வடையைப் போட்டபடியே மாமியார், "பயப்படாதீக மாப்ளே, இது நல்லெண்ணெய்" என்று ஊர் கேட்கச் சொன்னார்.

காந்திமதியின் பிள்ளைகளுக்கு நான் பெரியப்பா முறை. அவர்கள் வெறும் பெரியப்பா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. போன மாதம் அவள் மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டாரிடம் என்னை அறிமுகம் செய்தார்கள்: "இவாதான் எங்க பின்பக்கப் பெரியப்பா."

வந்த சம்பந்தி மரியாதையாகக் கும்பிட்டார். பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, என் முதுகுப் பக்கம் பைய எட்டிப் பார்த்தார்.