ஓடை நகர்ந்த வைபவம்

ஓடைகள் தோன்றிய நாள் முதல், யாரையும் கேட்காமல், எந்தப் படிவமும் நிரப்பாமல், பள்ளத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. இந்த அராஜகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை எங்கள் நீர்ப்பிடிப்புத் திட்டக் குழுவையே சேரும். அதன் வரைபடப் பொறுப்பாளர் என்ற முறையில் இதைத் தன்னடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

எங்களுடையது சுவரில் ஆணியடித்து மாட்டுகிற வரைபடம் அல்ல. கணினித் திரையில் தொட்டால் பதில் சொல்கிற வரைபடம். குன்றிலிருந்து இறங்கும் மழைநீர் எந்த வழியாக ஆற்றுக்குப் போகிறது என்பதை ஒரு நீலக்கோடு காட்டும். கோடு தவறு என்று தோன்றினால் யாரும் விரலால் இழுத்துச் சரிசெய்யலாம். 'மக்களே திட்டமிடும் மகத்தான முயற்சி' என்றார் தலைவர். மக்கள் வசதிக்காகக் கூட்டத்தை வேலைநாளில், காலை பதினொரு மணிக்கு வைத்தோம். மக்கள் வேலைக்குப் போய்விட்டதால் குழுவினர் ஐந்து பேருமே மக்களாகவும் கையெழுத்திட்டோம்.

தலைவர் திரையைத் தொட்டுத் தொடங்கிவைத்தார். குன்று காணாமல் போனது.

"எங்கய்யா போச்சு?"

"பெரிசாக்கிட்டீங்க சார். இப்ப நாம குன்றுக்குள்ள இருக்கோம்," என்றேன்.

"ரொம்ப ஆழமான திட்டம்," என்றார் தலைவர். கைதட்டினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் என் மடிக்கணினி அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, இந்தக் கோடு நம்ம காலி மனைக்கு நடுவுல போகுதே."

"ஓடை அங்கதானே மாமா போகுது."

"வருஷத்துல பத்து நாள் போகுமா? அதுக்காக நான் கிடங்கு கட்டக் கூடாதாம். கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"மழைத் தண்ணி மாமா. நான் சொன்னா கேக்காது."

"தண்ணி கேக்க வேண்டாம். கோடு கேட்டா போதும்."

சமையலறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். "அப்பா இதுவரைக்கும் உங்ககிட்ட எதையாவது கேட்டிருக்காரா?"

மூன்று பேரில் இருவர் ஒரே குரலில் சொன்னால் அதுதானே 'மக்கள் கருத்து'? கோட்டை விரலால் அழுத்திப் பிடித்து மெல்ல இழுத்தேன். மனையை அடுத்து இருந்தது, பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு தையல்காரம்மாவின் தெரு. அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் கூட்டத்துக்கு வந்து ஆட்சேபணை சொல்லவில்லை. கோட்டை அங்கே விட்டேன். நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அஜீரணம் என்று முடிவுகட்டி வெந்நீர் குடித்தேன்.

வரைபடம் அங்கீகாரம் பெற்றது. மாமனார் உடனே மனையில் இடுப்பளவுக்கு மண் கொட்டி மேடாக்கினார்.

மழைக்காலம் வந்தது. விடாமல் பெய்த மூன்றாம் நாள், குன்றிலிருந்து தண்ணீர் இறங்கியது. மனை வரைக்கும் வழக்கமான வழியில் வந்தது. எதிரே புது மண்மேடு நிற்கவே, திரும்பி, என் நீலக்கோட்டின் மேலேயே ஓரடி பிசகாமல் ஓடி, தையல்காரம்மா வீட்டுக்குள் நுழைந்தது. மற்ற வரைபடங்கள் தண்ணீர் போகிற வழியில் போகும். தண்ணீரே பின்னால் வந்த வரைபடம் எங்களுடையது ஒன்றுதான்.

நானும் தலைவரும் பார்வையிடச் சென்றோம். முழங்காலளவு தண்ணீரில் நின்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "துல்லியம்னா இதுதான்யா."

தையல்காரம்மா தன் இரண்டு தையல் இயந்திரங்களையும் மேசைமேல் ஏற்றியிருந்தார். தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள் அவர் தோளில் கிடந்தன. தைக்காதவை தண்ணீரில் கிடந்தன.

"இருவது வருஷமா இங்க இருக்கேன் சார். வாசப்படி தாண்டி ஒரு சொட்டு வந்ததில்ல."

"நீங்க வரைபடத்தைப் பாக்கலையாம்மா? உங்க வீடே ஓடைக்குள்ளதான் இருக்கு," என்று தலைவர் தன் கைபேசியை நீட்டினார்.

தையல்காரம்மா ஒரு சீருடையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நீலக்கோட்டைத் தொட்டார். சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. எழுத்துக் கூட்டாமல் தெளிவாகப் படித்தார்.

"'கடைசியாக மாற்றியவர்: வரைபடப் பொறுப்பாளர். ஞாயிறு, பிற்பகல் இரண்டு பத்து.' யாரு சார் அது?"

தலைவர் மழையை ஆராயத் தொடங்கினார். என்னால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்தாம்மா."

அவர் சத்தம் போடவில்லை. மிதந்து வந்த வாளியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஓடைய நகத்தினது நீங்கதானே. தண்ணியையும் கொஞ்சம் நகத்துங்க."

சாயங்காலம் வரை இறைத்தேன். இறைக்க இறைக்க வந்துகொண்டே இருந்தது. தோள் விட்டுப்போனது. அன்று நெஞ்சில் உறுத்தியது அஜீரணம் இல்லை என்று அப்போது புரிந்தது.

மறுநாள் குழு அவசரமாகக் கூடியது. வரைபடத்தில் மிகக் கடுமையான பிழை ஒன்று இருப்பதை நானே எழுந்து ஒப்புக்கொண்டேன். என் நேர்மையைத் தலைவர் வெகுவாகப் பாராட்டினார். ஐந்து பேரும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, அன்றே அந்தப் பிழையை நீக்கினோம்.

இனி நீலக்கோட்டை யார் தொட்டாலும் அந்தப் பெட்டி திறக்காது.