எட்டுக் குதிரை எஞ்சினும் எனது தண்ணீர் முறையும்

உத்தமபாளையம்,
20.1.2002, ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மச்சான் காமராஜ் அவர்கள் சமுகத்திற்கு, தங்கள் தங்கை பவுனுவைக் கைப்பிடித்த சுருளிவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தூத்துக்குடியில் தாங்களும், அக்காவும், தாங்கள் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியும் சௌக்கியமாக இருக்க சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் பவுனுவும் ஒரு மாடும் சுகம். இன்னொரு மாடு சுகமில்லை. காரணம் கீழே வருகிறது.

விஷயம் இதுதான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் தாங்கள் நல்ல எண்ணத்தில் என் ஒரே மகன் திலீபனைக் கொண்டுபோய்ப் படகு எஞ்சின் ரிப்பேர் பயிற்சியில் சேர்த்துவிட்டீர்கள். பொங்கல் லீவுக்கு வந்திருக்கும் அவனை இனிமேல் திருப்பி அனுப்புவதாக இல்லை. வருகிற 28-ஆம் தேதி ஏதோ கடைசிப் பரீட்சையாம், அதுவும் வேண்டாம். ஆகவே பயிற்சிப் பள்ளியில் கொடுத்து வைத்திருக்கும் அவனுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைத் தாங்களே நேரில் போய் வாங்கி அனுப்பவும். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை, எனக்கு நீச்சலும் தெரியாது, இருக்கிற ஒரு பயலைக் கடலுக்குத் தாரை வார்க்க எனக்கு மனசில்லை. இதுவரைக்கும் ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் பையன் மோட்டார் லைனில் இருக்கிறான் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். இந்தப் பொங்கலோடு அந்த மானமும் போயிற்று.

பையன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒரு சாக்கு மூட்டையோடு இறங்கினான். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் உள்ளே மூன்று றெக்கை தெரிகிறது. பவுனு, அம்மாவுக்கு வேர்க்குமே என்று மகன் ஃபேன் வாங்கி வந்திருக்கிறான் என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அது படகின் பின்னால் மாட்டுகிற எஞ்சினாம். எட்டுக் குதிரை சக்தியாம். அவர்களுடைய இம்மானுவேல் சார் ஆளுக்கொரு செத்த எஞ்சினைக் கையில் கொடுத்து, இதை உயிரோடு கொண்டுவந்தால் பாஸ் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நல்ல நாளும் அதுவுமாக எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் அந்தப் பிணத்தைப் போட்டுப் பிரித்தான். கோலம் போட்ட வாசலில் கிரீஸ். மாட்டுப் பொங்கலன்று மாடு குளிப்பாட்ட நிரப்பி வைத்திருந்த சிமெண்டுத் தொட்டியில் ஒரு பலகையைக் கட்டி, எஞ்சினை மாட்டி, கயிற்றைச் சுண்டி இழுத்தான். உயிர் வந்துவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. தொட்டியில் இருந்த தண்ணீர் முழுக்க அரை நிமிஷத்தில் வெளியே வந்து என்னையும், படையலையும், அப்போதுதான் கொம்புக்குப் பெயிண்ட் அடித்திருந்த செவலையையும் நனைத்துவிட்டது. செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, மூன்றாவது தெருவில் யார் வீட்டுப் பொங்கலையோ பானையோடு காலி பண்ணிவிட்டு வயிறு உப்பிப் படுத்திருக்கிறது. மாட்டு டாக்டர் இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்கிறார்.

நான் ஒரு விவசாயி கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன். ஓடுது, சரி, எத்தனை இஞ்சு தண்ணி தள்ளும் என்று கேட்டேன். அவன், இது தண்ணியை எடுத்து ஊத்துற எஞ்சின் இல்லை, படகைத் தள்ளுற எஞ்சின் என்று எனக்குப் பாடம் எடுத்தான். தண்ணி ஊத்தாத எஞ்சினுக்கு ஒன்றரை வருஷம் படிப்பா மச்சான்? ஆனால் என் கண்ணால் பார்த்தேனே, அது தண்ணியைத் தள்ளுகிற தள்ளு எங்கள் ஏழரை ஹெச்.பி. மோட்டாருக்குக்கூடக் கிடையாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நம் வயல் வாய்க்காலின் கடைசியில் இருப்பது தாங்கள் அறிந்ததே. மலையிலிருந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிற தண்ணீர் எல்லாருக்கும் பாய்ந்து நமக்கு வரும்போது கெண்டைக்கால்கூட நனையாது. வியாழக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை நம்முடைய முறை. அந்த இரண்டு மணி நேரத்துக்கு இந்த எஞ்சினை மேல் வாய்க்காலில், இடுப்பளவு தண்ணீர் கிடக்கிற இடத்தில் வைத்து, நம் மடையைப் பார்த்து ஓடவிட்டால் தண்ணீர் நாலு மடங்கு வேகமாக வந்து சேருமே என்று கணக்குப் போட்டேன். தாங்களே சொல்லுங்கள், இதில் என்ன தப்பு?

அந்த வியாழக்கிழமை திலீபன் ஏதோ கேஸ்கட் வாங்கவேண்டும் என்று முதல் பஸ்ஸுக்கே தேனிக்குப் போய்விட்டான். அவன் சோதனை ஓட்டத்துக்காக இரண்டு நீல டிரம்முக்கு மேல் பலகை கட்டி எஞ்சினை மாட்டித் தயாராக வைத்திருந்தான். நான் அதை வாய்க்காலில் இறக்கி, றெக்கை நம் வயலைப் பார்க்கிற மாதிரி திருப்பி, மாட்டுக் கயிற்றால் தென்னையில் கட்டி, ஆடாமல் இருக்கட்டும் என்று நானே அதன்மேல் ஏறி உட்கார்ந்து, கயிற்றைச் சுண்டினேன். தண்ணீர் நம் வயலைப் பார்த்துப் போனது வாஸ்தவம். ஆனால் கயிறு அறுந்து, நான் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். எங்கே அமுக்கினால் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. கையில் ஒரு பிடி அகப்பட்டது, அதைத் திருகினால் இன்னும் வேகமாகப் போகிறது. வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பிச்சையம்மாள் சோப்பைப் போட்டுவிட்டுக் கரையேறி, "அண்ணே, இம்புட்டு வேகமா எங்கன போறீக?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை என்று ஒரு பொம்பளையிடம் சொல்ல முடியுமா? "லோயர் கேம்ப் வரைக்கும்" என்று சொல்லிவிட்டேன். நான் போன வேகத்தில் எழும்பிய அலை கரையை உடைத்து, மேல் வயல்காரர் அம்மாவாசி அப்போதுதான் நட்ட வயலில் புகுந்து, நாற்றெல்லாம் மிதந்தது. அவர் மண்வெட்டியோடு கரைமேலேயே என் கூட ஓடி வந்தார். என்ன சொல்லிக்கொண்டு வந்தார் என்பதை எழுத்தில் எழுத முடியாது.

கடைசியில் துவைக்கிற கல் ஒன்றில் 'டங்'கென்று மோதியது. எஞ்சின் கத்துகிறது, ஆனால் றெக்கை சுற்றவில்லை. நான் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறேன். செத்ததை அவன் ஒரு வாரம் சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்து பிழைக்க வைத்தான், நான் பத்து நிமிஷத்தில் மறுபடியும் கொன்றுவிட்டேன். அதைக் கரையில் தூக்கி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பவுனு சாப்பாடு கொண்டுவந்தாள். இறங்கவில்லை. தங்கள் தங்கையின் வாய்தான் தங்களுக்குத் தெரியுமே. நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "அவன் போகக் கூடாதுன்னுதான நெனச்சீக? எஞ்சினு போச்சு, பரிட்சையும் போச்சு. பிறகெதுக்கு எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீக?" என்றாள். மச்சான், கண்ணில் தண்ணி வந்துவிட்டது. வாய்க்கால் தண்ணீர் என்று சொன்னேன்.

பத்து மணிக்குத் திலீபன் வந்தான். திட்டுவான் என்று பார்த்தால் சிரிக்கிறான். றெக்கையைக் கழற்றி உள்ளேயிருந்து ரெண்டாக உடைந்த ஒரு சின்னப் பித்தளைப் பின்னை எடுத்துக் காட்டினான். கல்லில் மோதினால் எஞ்சின் உடையாமல் அந்தப் பின் உடைய வேண்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்களாம். நம் மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரில் இருந்த பித்தளைக் கம்பியை அறுத்து, அரத்தால் ராவி மாட்டினான். ஓடுகிறது. கடலுக்கு நடுவில் இந்தப் பின் உடைந்தால் என்னடா பண்ணுவே என்று கேட்டேன். "நான் கடலுக்குப் போறவன் இல்லப்பா. போனவுக வீடு திரும்புறதுக்கு வேலை பாக்குறவன்" என்றான். பிறகு அம்மாவாசியின் வயலில் இறங்கி என்னோடு சாயங்காலம் வரை நாற்றைத் திருப்பி நட்டான். அவன் நட்ட வரிசை கோணல், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் என் முடிவில் மாற்றம் இல்லை. சர்டிபிகேட்டுகளை மறக்காமல் வாங்கி அனுப்பவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்கள் தண்ணீர்ப் பக்கம் போகாமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
சுருளிவேல்.

பி.கு.: ஞாயிறு மாலை, பஸ் ஸ்டாண்டிலிருந்து எழுதுகிறேன். இன்று தபால் ஆபீஸ் கிடையாது. தூத்துக்குடிக்குப் போகிற ஆள் திலீபன் ஒருவன்தான் என்பதால் இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்து அனுப்புகிறேன். எஞ்சினை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது, ஒரு பக்கம் நான் பிடித்தேன். கண்டக்டர் எஞ்சினையெல்லாம் ஏற்ற முடியாது என்றான். இது பரீட்சைக்குப் போகிற எஞ்சின், ஏற்றாவிட்டால் பஸ் முன்னால் படுப்பேன் என்று சொல்லி, ஜன்னலோரமாகச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சர்டிபிகேட்டுகளை வாங்க வேண்டாம். இங்கே ஒரே கறையான், அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். அம்மாவாசி தன் மகளை அந்தப் பயிற்சியில் சேர்க்க எத்தனை மார்க் வேண்டும் என்று கேட்கச் சொன்னார். உடைந்த பின் என் சட்டைப் பையில் இருக்கிறது. பரீட்சைக்கு முதல் நாளே நானும் பவுனுவும் அங்கே வந்துவிடுவோம். நீச்சல் தெரியாதவர்கள் கடலுக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை மட்டும் விசாரித்து வைக்கவும்.