முள் இல்லாத தூண்டில்

என் பெயர் யாயாத். எங்கள் ஊரில் 'யா' என்றால் 'ஆமாம்'. என் பெயரிலேயே அது இரண்டு தடவை வருகிறது. அதனாலோ என்னவோ, ஆபீஸில் யார் எதைக் கேட்டாலும் "யா, யா" என்று பன்னிரண்டு வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் வீட்டில் படுத்தபடியே செல்போனில் சட்டை வாங்குகிறவர்களுக்கு அந்தச் சட்டை போய்ச் சேருவது என்னால்தான். அதாவது, அந்த வியாபாரத்தைத் தாங்கும் சர்வர்களை நான்தான் தாங்கிக்கொண்டிருந்தேன். சர்வர் தும்மினால் என் போன் அலறும். போன் அலறினால் நான் அலறுவேன். நான் அலறினால் என் மனைவி தெத்தி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மீட்டிங் நடுவில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை மரத்தது. மூச்சு முட்டியது. முடிந்தது கதை என்று நினைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் கம்பி மாட்டிப் பார்த்த டாக்டர், "இதயம் கல்லு மாதிரி இருக்கு. மனசுதான் வெந்து போயிருக்கு. ரெண்டு வாரம் வேலையை மறந்திடுங்க" என்றார்.

கட்டிலோரம் தெத்தி என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது மடியில் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கேயே சபதம் செய்தேன். (எங்கள் ஊரில் மனைவியை 'நெங்' என்றும் கணவனை 'காங்' என்றும் கூப்பிடுவோம்.)

"நெங், ரெண்டு வாரம் வேலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்."

"நிஜமாவா காங்?"

"யா."

"உங்க 'யா'வைத்தான் பன்னிரண்டு வருஷமா பார்க்கறேனே."

மேலதிகாரி இபு சூர்யானி (எங்களுக்கு 'இபு' என்றால் அம்மா, 'பாக்' என்றால் ஐயா) என் மடிக்கணினியை வாங்கிப் பூட்டினார். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து என்னை நீக்கினார். "நாங்க பார்த்துக்கறோம், யாயாத்" என்றார். அதைவிடப் பயங்கரமான வார்த்தையை நான் கேட்டதே இல்லை. இவர்கள் பார்த்துக்கொள்வதா? இந்தோனேசியாவே சட்டையில்லாமல் நிற்குமே!

சபதம் ஒன்றரை நாள் உயிரோடு இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம், கையிலிருந்த என் சொந்த போனில் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

'பாக் யாயாத், நான் நூனிங். ஜகார்த்தா ஆபீஸ். உங்க வேலையை என் தலையில கட்டிட்டாங்க. ஒண்ணும் புரியலை. நீங்கதான் காப்பாத்தணும். நான் கேட்டதா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.'

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினேன். நான் இல்லாமல் முடியவில்லை பார்த்தீர்களா!

வீட்டில் உட்கார்ந்து பதில் எழுத முடியாது. தெத்தியின் கண் அப்படி. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"நெங், டாக்டர் அமைதியா உட்காரச் சொன்னாரில்ல? குளத்துக்கு மீன் பிடிக்கப் போறேன்."

"போங்க காங், தினமும் போங்க" என்று சோறும் சம்பாலும் கட்டிக் கொடுத்தாள். தொப்பியையும் அவளே மாட்டிவிட்டாள். இவ்வளவு வெள்ளை மனசுக்காரியை ஏமாற்றுகிறோமே என்று எனக்கே பாவமாக இருந்தது.

குளக்கரையில் தூண்டிலைப் போட்டேன். முள் மாட்டவில்லை. மீன் கடித்துத் தொந்தரவு செய்தால் வேலை கெடுமே. பிறகு நிம்மதியாக போனை எடுத்தேன்.

'பாக், ஒரு மெஷின் எந்நேரமும் கொதிக்குது. என்ன செய்யறது?'

'நிறுத்துங்க. ஆறவிடுங்க. எந்த மெஷினும் ஓய்வில்லாம ஓடினா எரிஞ்சுதான் போகும்.' இதை மூன்று பக்கத்துக்கு விளக்கினேன்.

'இன்னொண்ணு பாக். எது கேட்டாலும் யா யாங்குது. ஆனா உள்ளே எதுவும் ஏறலை.'

'நினைவகம் நிரம்பிடுச்சு. வேண்டாததைத் துடைச்சுப் போடுங்க.' இதற்கு ஐந்து பக்கம்.

'ஒரு மெஷின் நின்னா எல்லாமே நின்னுடற மாதிரி வெச்சிருக்காங்க, பாக்.'

எனக்குக் கோபமே வந்துவிட்டது. 'எந்த முட்டாள் அப்படி வெச்சான்? சுமையைப் பிரிச்சுக் கொடுங்க. ஒண்ணு நின்னா எல்லாம் நிக்குதுன்னா, அது அந்த மெஷினோட பெருமை இல்லை. வெச்சவனோட தப்பு!'

எழுதி முடித்ததும் என் அறிவை நினைத்து எனக்கே மெய்சிலிர்த்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சந்தையில் ஒரு குராமே மீன் வாங்கிக்கொள்வேன். தெத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"காங், இந்த மீன் வயித்தைக் கிழிச்சு, குடலை எடுத்துட்டுத்தான் தூண்டிலைக் கடிச்சுதா?"

"குளத்துலயே சுத்தம் பண்ணிக் கொடுக்கறாங்க நெங்."

"ஐஸ் கூட ஒட்டியிருக்கு. குளிர் தேசத்து மீன் போல."

எட்டாம் நாள், குளத்துக்காரர் பாக் ஓமான் பொறுமையிழந்தார். "ஒரு வாரமா வெறும் கயித்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கீங்க. என் மீனையெல்லாம் அவமானப்படுத்தறீங்களா?" என்று கேட்டு, அவரே முள் கட்டி, இரையும் குத்தித் தந்தார்.

கால் மணி நேரத்தில் தூண்டில் வில்லாக வளைந்தது. நான் இழுக்க, அது இழுக்க, கடைசியில் நான் பாதி குளத்துக்குள் இருந்தேன். என் முழங்கை நீளத்துக்கு ஒரு குராமே. கரையில் இருந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பொரித்துத் தின்றுவிட்டு, சாய்ந்த இடத்திலேயே மூன்று மணி நேரம் தூங்கினேன். எழுந்த பிறகுதான் நூனிங் ஞாபகம் வந்தது. அன்று அவளுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. ஆச்சரியம், நெஞ்சு படபடக்கவுமில்லை. அடுத்த நாள் முள்ளை நானே கட்டினேன்.

விடுப்பு முடிந்து ஆபீஸ் போனேன்.

"நூனிங் பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க இல்ல?" என்றேன் பெருந்தன்மையாக.

"எந்த நூனிங்?" என்றார் இபு சூர்யானி. "ஜகார்த்தாவுல அப்படி யாரும் இல்லையே. இங்கே ஒரு கோளாறும் வரலை யாயாத். நாலு பேர் முறை போட்டுப் பார்த்துக்கிட்டோம். இனிமேலும் அப்படித்தான். நீங்க அஞ்சு மணிக்குக் கிளம்பிடலாம்."

ஐந்து மணிக்குக் கிளம்பி, வீட்டு வாசலில் நின்று நூனிங்கின் எண்ணுக்கு போன் போட்டேன். என் வீட்டு அடுக்களையில், வாணலிக்குப் பக்கத்தில் மணி அடித்தது. தெத்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"நூனிங் பேசறேன். சொல்லுங்க பாக்."

"நெங்! நீயா?"

"வேற யாரு? சும்மா இருன்னா நீங்க இருந்திருப்பீங்களா? ஏதாவது பண்ணி அந்த ஆபீஸுக்குள்ளயே குதிச்சிருப்பீங்க. சர்வர், கோளாறுன்னு நீங்க போன்ல கத்தறதைக் கேட்டுக் கேட்டு, கேள்வி எனக்குத் தானா வந்துச்சு." அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஆஸ்பத்திரியில அன்னிக்கு ரொம்ப பயந்துட்டேன் காங்."

எனக்குக் கோபப்படத் தோன்றவில்லை. ஆனாலும் ஒரு ஆசை. பன்னிரண்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி இவ்வளவு விவரமாக நான் யாருக்கும் எழுதியதில்லை.

"அது சரி, பதிலெல்லாம் எப்படி இருந்துச்சு?"

தெத்தி அன்பாக என் தோளைத் தட்டினாள்.

"முதல் ரெண்டு வரி படிச்சேன் காங். மிச்சமெல்லாம் ரொம்ப நீளம்."