மிலுதினின் நம்பகமான இதயம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு சற்று ஓய்வெடுத்துக்கொண்டு எங்கள் சொம்போர் நகரத்து இதய மறுசோதனை நிலையத்தை நிறுவியது. ஓர் இதயத்தை ஒருமுறை சோதிப்பது வெறும் வைத்தியம். மறுவாரமும் சோதித்து அதே எண்ணைப் பெறுவதே 'விஞ்ஞானம்'. நான் அந்நிலையத்தின் அறிக்கை எழுத்தர். தற்பெருமை எனக்குப் பிடிக்காது.

மிலுதின், நாங்கள் வேலைக்கு வரும் ஏழாம் எண் பேருந்தின் ஓட்டுநர். உட்கார்ந்து எழுந்தால் அவருக்குக் கண் இருட்டும். ஒருநாள் பேருந்துப் படியிலேயே சுருண்டு விழுந்தார். ஓட்டுவதை விட்டுப் பணிமனையில் வேறு வேலை கேட்டார். சான்றிதழ் கொண்டுவரச் சொல்லி எங்களிடம் அனுப்பினார்கள்.

சோதனை எளிது. பத்து நிமிடம் படுக்க வேண்டும், சட்டென்று எழுந்து நிற்க வேண்டும். ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று இயந்திரம் சொல்லும்; இருபதைத் தாண்டினால் ஆபத்து. காபி அழுத்தத்தை இறங்கவிடாது என்பதால், அதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்தே காபி கூடாது என்று சுவரில் சிவப்புப் பலகை உண்டு. பலகைக்கு நேர் கீழே நர்ஸ் நெவெங்காவின் மின் அடுப்பு.

"வாங்க தம்பி, முதல்ல காபி."

"கூடாதுன்னு போட்டிருக்கே, அக்கா?"

"அது நீங்க வீட்ல குடிக்கிறதுக்கு. வாசப்படி ஏறி வந்தவருக்கு ஒரு காபி தராம கட்டிலக் காட்டுனா ஊர் என்னைப் பத்தி என்ன பேசும்? குடிங்க."

இரண்டு கோப்பை. மிலுதின் படுத்து எழுந்து தூண் மாதிரி நின்றார். இறக்கம் மூன்று. மறுவாரமும் இரண்டு கோப்பை, தூண், மூன்று.

இயக்குநர் டாக்டர் ஸ்வெதோசாருக்குக் கண் கலங்கிவிட்டது. "சொன்ன சொல் மாறாத இதயம்யா உன்னுது!"

"டாக்டர், வயித்துப் புண்ணுக்காக நான் காபிய விட்டு வருஷமாச்சு. அக்கா கையால குடுத்தா மறுக்க முடியல. வீட்ல எந்திரிச்சா விழுந்துர்றேன். பள்ளிக்கூடப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறேன், பயமா இருக்கு."

"பயத்த அளக்க நம்மகிட்ட மிஷின் இல்லப்பா."

மிலுதின் கெஞ்சி மூன்றாம் சோதனை வாங்கினார். அன்று மின்சாரம் இல்லை. இயந்திரம் பேட்டரியில் ஓடியது, அடுப்பு ஓடவில்லை. நெவெங்கா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டார். மிலுதின் எழுந்தார், எழுந்த வேகத்தில் இயக்குநர் மீதே சாய்ந்தார். இறக்கம் நாற்பது.

உடனே 'அவசரக் கூட்டம்' கூடியது. மிலுதின் நெற்றியில் ஈரத்துணியோடு மூலையில் கிடந்தார்.

"முடிவு ஏன் மாறுச்சு?" என்றார் இயக்குநர்.

"காபி குடுக்கல, டாக்டர்" என்றார் நெவெங்கா.

"அப்ப, முதல் ரெண்டு சோதனையில நடந்த மாதிரி இது நடக்கல?"

"நடக்கல."

"அவ்ளோதான். மூணாவது செல்லாது. எழுதிக்குங்க!"

என்ன கூர்மை! என் பேனா சிலிர்த்தது.

"டாக்டர், நான் விழுந்தேனே!" என்றது மூலை.

"நீதானப்பா விழுந்த. அறிக்கை நிக்குதுல்ல?"

'பேருந்து ஓட்ட முழுத் தகுதி' என்று எழுதி, முத்திரை குத்தினேன். எங்கள் முடிவில் எங்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. திங்கட்கிழமையிலிருந்து இயக்குநர், நெவெங்கா, நான் மூவரும் வேலைக்கு நடந்தே வருகிறோம். ஏழாம் எண் பேருந்து எங்களைத் தாண்டிப் போகும்போது ஜன்னலில் பிள்ளைகள் கையசைக்கிறார்கள். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறோம்.