நாலாவது தாடை

இந்த வருஷம் நாலு தாடை சக் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் முடிவெடுக்கும் உரிமை எனக்கு எப்போதும் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் அனுமதி வாங்க வேண்டும்.

சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் ஒரு குட்டி லேத் வைத்திருக்கிறேன். நாளெல்லாம் ஆபீஸில் ஃபைல் புரட்டுகிறவனுக்கு, இரும்பைச் சுழலவிட்டுச் சீவுவதில் தனி சுகம். இரும்பைக் கவ்விக்கொள்ளும் பாகம்தான் சக். என்னிடம் இருப்பது மூணு தாடை. உருண்டையான தடி என்றால் உடும்பாகப் பிடிக்கும். சதுரம், கோணல்மாணல் என்றால்தான் நாலு தாடை தேவை. என்னிடம் சதுரமாக ஒரு துண்டுகூடக் கிடையாது. அதனால் என்ன? ஆசைக்கு ஏது வடிவம்?

என் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறாள். அவள் தையல் மெஷினின் மோட்டாரில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம், புல்லி, தேய்ந்துபோய் ஆறு மாதம் ஆகிறது. "கடையில எதுக்கு? நானே கடைஞ்சு தரேன்" என்று மார்தட்டியவன் நான். அந்த ஒரு புல்லியின் பெயரைச் சொல்லியே டயல் கேஜ், சுழலும் சென்டர், புது டூல் போஸ்ட் என்று லேத்துக்கான சாமான் எல்லாம் வாங்கியாயிற்று. புல்லி மட்டும் வரவில்லை.

"புல்லி என்னங்க ஆச்சு?"

"நாலு தாடை சக் இல்லாம முடியாதும்மா."

"மூணு தாடை இருக்கே?"

"அதுக்குச் சரியாப் பிடிக்காது."

"எனக்கும்தான் பிடிக்கல. லேத் வந்ததுல இருந்து இந்த வீட்ல எல்லாமே லேட்."

சொல்லிக்கொண்டே மெஷினை ஓட்டினாள். பெல்ட் நழுவியது. வலது கையால் மெஷினின் கைச்சக்கரத்தைத் தள்ளித் தள்ளி, இடது கையால் துணியை நகர்த்தினாள். உள்ளங்கை சிவந்திருந்தது. எனக்கு மனசு உறுத்தியது. ஒரு நிமிஷம் முழுக்க உறுத்தியது.

"சரி, என்னென்ன வேணுமோ மொத்தமா எழுதிக் குடுங்க. நானே கடைக்குப் போறேன்" என்றாள்.

காதில் தேன் பாய்ந்தது. பேனா எடுத்தவன் பதினோரு சாமான் எழுதித்தான் நிறுத்தினேன்.

"இதெல்லாம் எதுக்கு?"

"புல்லிக்குத்தான்."

"பதினொண்ணுமா?"

"புல்லின்னா சும்மாவா?"

அவள் தேய்ந்த புல்லியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினாள். நான் அலமாரியில் பதினோரு சாமானுக்கும் இடம் ஒதுக்கித் துடைத்து வைத்தேன்.

மதியம் திரும்பி வந்தவள் கனமான ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்தாள். திறந்தேன். நாலு தாடை சக்! எண்ணெய் மினுமினுக்க, பச்சைக் குழந்தை மாதிரி படுத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மீதி பத்தும் எங்கேம்மா?"

"கடைக்காரர் லிஸ்ட்ல இருந்து அடிச்சுட்டார். அதுக்குப் பதிலா லேத்துக்கு ஒரு ஸ்பேர் பெல்ட்டும், கண்ணுக்குக் கண்ணாடியும் போதும்னு குடுத்தார். புல்லியைப் பாத்துட்டு, 'இது உருண்டைதானே, மூணு தாடையே தாராளம்'னு வேற சொன்னார்."

நான் சக்கைத் தடவுவதில் மும்முரமானேன்.

"நான் விட்டுக் குடுப்பேனா? 'எங்க வீட்டுக்காரர் ஆறு மாசமா இந்தப் புல்லியை ஆராய்ச்சி பண்றாருங்க, அவருக்குத் தெரியாததா'ன்னேன். அசந்துட்டார். 'இந்த மாடல் புல்லி கேட்டு மெக்கானிக்குங்க நடையா நடக்கறாங்க, அம்பது செஞ்சு தரச் சொல்லுங்க'ன்னார். சரின்னுட்டேன். அதுக்கு அட்வான்ஸ்தான் இந்த சக்."

அப்போதுதான் வாசலில் இருந்த சாக்கைப் பார்த்தேன். உள்ளே துண்டுபோட்ட தடிகள். எல்லாம் உருண்டை.

போகட்டும், முதலில் சக்கை மாட்டிப் பார்ப்போம் என்று லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மாட்டவில்லை. இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு பேக் பிளேட் வேண்டும். பதினோரு சாமான் எழுதிய மேதை அதை எழுதவில்லை.

"பேக் பிளேட் இல்லாம இது மாட்டாதும்மா."

"ஆமாங்க, கடைக்காரர் சொன்னார். எடுத்துக்கூட வெச்சார்."

"வாங்கிட்டு வர்றதுதானே?"

"உங்க லிஸ்ட்ல இல்லையே. அம்பதாவது புல்லியைக் கொண்டு வரும்போது வாங்கிக்கறேன்னு அவர்கிட்டயே விட்டுட்டு வந்தேன்."

அன்று சாயங்காலமே மூணு தாடையில் தடியை மாட்டிக் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். முதல் புல்லி ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தையல் மெஷினில் பொருத்தினேன். பெல்ட் நழுவவில்லை. அவள் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நீளத் தையல் போட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க." ஆறு மாதத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கலாம் என்று தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

இப்போது பதினேழாவது புல்லியில் இருக்கிறேன். நேற்று டீ குடிக்க எழுந்தபோது எட்டிப் பார்த்தேன். அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். துணி நகராமல் இருக்க ஒரு முனையில் என் நாலு தாடை சக்.

"பாரம் கச்சிதமா இருக்குங்க" என்றாள். "அந்த முனைக்கும் ஒண்ணு வேணும். லிஸ்ட்ல எழுதிக்குங்களேன்."